தூக்கிவிடும் கை



கால் ஊனமுற்ற ஒருவரை எருசலேம் ஆலயத்தின் அழகுவாயிலில் நாள்தோறும் சுமந்துவந்து இருத்தினார்கள் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. சுமந்தவர்கள் இரக்கமுள்ளவர்களே. ஆயினும் அவ்விரக்கம் அவரைப் பிச்சை கேட்கும் இடம் வரையில்தான் கொண்டுசென்றது.

எமது இரக்கமும் அவ்வாயிலோடு நின்றுவிட்டதோ? 2009ஆம் ஆண்டு வன்னியிலிருந்து ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் அகதிகளாக முகாம்களுக்குள் அடைபட்டனர். அவர்களுள் கை, கால், கண் இழந்தோர் பலர். அன்று 15 வயதில் காலை இழந்த சிறுவன் இன்று 30 வயதைக் கடந்த குடும்பத் தலைவர். அத்தகையோருக்கு வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சுகளையும் தையல் இயந்திரத்தையும் பெட்டிக்கடையையும் கொடுத்தோம். ஒரே வீதியில் ஐந்து பெட்டிக்கடைகள் இருக்கையில் ஆறாவது கடைக்கு யார் வருவார்? மாதச் சம்பளமுள்ள தொழில் எட்டாக்கனியாகவே இருக்கின்றது.

சட்டங்கள் இல்லாமலில்லை. அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குமாறு 1988ஆம் ஆண்டின் சுற்றுநிருபம் பணித்தது. ஆட்சேர்ப்பில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கின்றது. ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது.

ஆனால் அச்சுற்றுநிருபம் இரு நிபந்தனைகளை விதிக்கின்றது: உரிய தகைமை வேண்டும், கடமைக்கு ஊனம் தடையாகலாகாது. அகதியாய் அலைந்தவர் இவ்விரண்டிலும் இடறுகின்றார். இடப்பெயர்வில் படிப்பு நின்றது, பரீட்சை தவறியது, அத்தாட்சிப் பத்திரங்கள் தொலைந்தன. தகைமை எங்கிருந்து வரும்? படியேற வேண்டிய மாடியில் நேர்முகப் பரீட்சையை வைத்துவிட்டு, ஊனமே தடை என்கின்றோம். தடை அவருடைய காலிலா, நாம் கட்டிய படியிலா?

புனித திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி 1981இல் எழுதிய சுற்றுமடலில், மாற்றுத்திறனாளியின் தொழிலையும், அதையடுத்தே புலம்பெயர்ந்தோரின் தொழிலையும் எடுத்துரைத்தார். முழு ஆற்றலுள்ளோரை மட்டும் வேலைக்கு ஏற்பது பாரதூரமான பாகுபாடு என்பது அவரது போதனை.

அன்பானவர்களே, உங்கள் கடையில், அச்சகத்தில், அலுவலகத்தில் இருந்து செய்யக்கூடிய ஒரு வேலை இல்லையா? சம்பளத்தோடு ஒரு மாதம் செய்துபார்க்க ஒருவருக்கு இடமளியுங்கள். தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெற அவரோடு பிரதேச செயலகம் செல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். எமது ஆலயங்களிலும் பாடசாலைகளிலும் படிக்கருகே ஒரு சாய்வுப் பாதை அமைப்போம்.

அழகுவாயிலில் பேதுரு காசு கொடுக்கவில்லை; வலக்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதுவரை வாயிலில் இருந்தவர் எழுந்து ஆலயத்தினுள் நடந்தார். இத்தனை ஆண்டுகளாய் வாசலில் வைத்திருக்கும் எம்மவரை நாம் எப்போது உள்ளே அழைக்கப் போகின்றோம்?