கொஞ்சம் வெளிச்சம் போதும்

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகனோடு கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போயிருந்தேன். ஈய லம்பம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில், 1920களில் நட்டு வளர்த்த காடு அது. நடைபாதையோரம் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது.

“பாவம் சின்னம்மா, செத்துப்போச்சு” என்றான்.

எனக்கும் மனசு கனத்தது. ஆனால், அந்த இடத்தில் மட்டும் வெயில் தரையைத் தொட்டது. அங்கிருந்த முழங்கால் உயரக் கன்றுகள் புதுத் தளிர் விட்டிருந்தன.

அடர்ந்த மழைக்காட்டில், மேலே அடிக்கும் வெயிலில் 1 அல்லது 2 விழுக்காடுதான் தரைக்கு வந்து சேரும். மெராந்தி மரம் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. காய்த்தாலும் அதன் விதை மண்ணில் காத்திருக்காது. விழுந்த கொஞ்ச நாளில் முளைத்துவிடும். காத்திருப்பது கன்றுதான். அரையிருட்டில், பெரிதாக வளராமல், ஆண்டுக்கணக்கில்!

மகாங் மரம் நேர்மாறு. அதன் விதை மண்ணுக்குள் உறங்கும். நல்ல வெயில் பட்டதும் விழித்து மளமளவென்று உயரும்.

ஒரு மரம் விழுந்த சிறு இடைவெளி என்றால், ஏற்கெனவே நிற்கும் மெராந்திக் கன்று முந்திக்கொள்ளும். கனரக இயந்திரங்கள் புகுந்து காட்டைப் பெரிதாகத் திறந்துவிட்டால் கதையே வேறு. நிழலுக்குப் பழகிய கன்றின் இலை கருகும், மண் காயும், மகாங்கும் கொடிகளும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான். ஆனால் மெராந்திக் காடு திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வீடு திரும்பும்போது நிலையத்துத் தம்பி நினைவுக்கு வந்தான். இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சியில் இருக்கிறான். ஒலிவாங்கி முன் உட்காரக் கேட்கும்போதெல்லாம், “அப்புறம் பார்க்கலாம் தம்பி” என்பேன். காரணம் உண்டு. நான் சேர்ந்த புதிதில் மூன்று மணி நேர நிகழ்ச்சியை மொத்தமாக என்னிடம் தூக்கிக் கொடுத்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு ஓராண்டு நேரலைப் பக்கமே போகவில்லை.

அந்தச் சூடு இவனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். நிழலிலேயே நிறுத்தி வைத்ததை யோசிக்கவில்லை. மெராந்திக் கன்று பொறுமைசாலிதான். அதற்காக எல்லாக் கன்றும் பிழைப்பதில்லை. வெளிச்சம் வருமுன் பட்டுப்போவதே அதிகம்.

கடந்த சனிக்கிழமை என் நிகழ்ச்சியில் அவனுக்கு 10 நிமிடம் கொடுத்தேன். சாலை நிலவரத்தில் இரண்டு இடம் தடுமாறினான். பரவாயில்லை. இந்தச் சனிக்கிழமை 15 நிமிடம். கேட்டுப் பாருங்களேன்!