சேவல் செய்த பாகப்பிரிவினை

திருப்பூரில் சகோதரர்கள் பாகம் பிரித்துக் கொள்ளும்போது பெரும்பாலானவற்றைச் சுலபமாகப் பங்கு போட்டு விடுகிறார்கள். நிட்டிங் மெஷின் எட்டு இருந்தால் ஆளுக்கு நான்கு. நூல் பாக்கி, சாயப்பட்டறைப் பாக்கி, பாங்கிக் கடன் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளின் நடுவே கோடு கிழித்து இரண்டாக எழுதி விடலாம். நிலத்தை ஸர்வேயரைக் கொண்டு அளந்து கல் நட்டு விடலாம். ஆனால் பனியன் பெட்டியின் மேல் அச்சாகும் பெயர் இருக்கிறதே, அதைப் பாதியாக வெட்டுவதற்கு இன்னும் யாரும் கத்தரி கண்டுபிடிக்கவில்லை. பெயர் ஒருவருக்குத்தான் போக முடியும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குச் சமீபத்தில் நான் போக நேர்ந்தது. பஞ்சாயத்துக்கு என்னை அழைக்கவில்லை, சாப்பிடத்தான் அழைத்தார்கள். அண்ணன், தம்பி இருவரும் எனக்கு நீண்ட நாளையச் சிநேகிதர்கள். பல தலைமுறைகளுக்கு முன்பே கொங்கு நாட்டில் குடியேறிய குடும்பம். வீட்டில் இன்னும் தெலுங்குதான் பேசுகிறார்கள். ஆனால் அந்தத் தெலுங்கை விஜயவாடாக்காரர் கேட்டால் பாதி புரியாமல் விழிப்பார். மீதிப் பாதியைத் தமிழ் என்று நினைத்துக் கொள்வார்! வீட்டில் எண்பத்தைந்து வயதான தாயார் இருக்கிறார். பேரன்மார்கள் அழைப்பதைப் போல ஊரில் எல்லோருமே அவரை 'அவ்வா' என்றுதான் அழைக்கிறார்கள்.

சாப்பாடு முடிந்தது. அண்ணன் ஒரு மூலையிலும் தம்பி எதிர் மூலையிலும் உட்கார்ந்து கொண்டு, இருவரும் என்னிடமே பேசினார்கள். ஒருவரிடம் ஒருவர் பேசவில்லை. எனக்குக் கழுத்து வலி எடுத்தது. அப்போது அவ்வா பேரனைக் கூப்பிட்டு, "அந்தப் பழைய படத்தைப் போடுடா, கண்ணாம்பா படம்" என்றார். பையன் தன் கைபேசியில் என்னவோ தட்டினான். சுவரில் இருந்த பெரிய திரையில் 'பல்நாட்டி யுத்தம்' ஓட ஆரம்பித்தது.

இது 1947-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் வெளியான தெலுங்குப் படம். நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அப்போது வடக்கே பஞ்சாபில் என்ன நடந்து கொண்டிருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ராஜ்யத்தை இரண்டாகப் பிரித்து, பிறகு பிரித்தவர்களும் பிரிக்கப்பட்டவர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மடிகிற கதையை, ஜனங்கள் அந்த மாதத்தில் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கதை புராணமல்ல, சரித்திரத்தைச் சேர்ந்தது. 12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள பல்நாட்டில் நடந்தது. அங்கே ஆண்ட அனுகுராஜுவுக்கு வெவ்வேறு மனைவியர் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் பலர். மூத்தவன் நலகாமராஜு. இளையவர்களில் முக்கியமானவன் மலிதேவராஜு. தகப்பனார் காலமான பிறகு மனஸ்தாபம் முற்றி, குரஜாலா அண்ணனுக்கும் மாசெர்லா தம்பிக்கும் என்று ராஜ்யம் இரண்டாகிறது. தம்பியின் பக்கம் மந்திரி பிரம்மநாயுடு. அண்ணனின் பக்கம் 'நாயகுராலு' நாகம்மா.

படத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. ராஜாக்கள் இருவரும் இந்தக் கதையில் பெயருக்குத்தான் ராஜாக்கள். சண்டை மந்திரிகளுடையது. நமக்குத் தெரிந்த குடும்ப வியாஜ்யங்களில் மாமனாரும் கணக்குப்பிள்ளையும் சம்பந்தியும் செய்கிற காரியத்தை இங்கே மந்திரிகள் செய்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாகம்மாவைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு செய்தி மிகவும் ரஸமானது. அவள் அரண்மனையில் பிறந்தவள் அல்ல. கிராமத்துக் குடியானவர் வீட்டுப் பெண். ஒரு சமயம் அனுகுராஜுவுக்கும் அவனுடைய பரிவாரத்துக்கும் நல்ல உபசாரம் செய்கிறாள். ராஜா மகிழ்ந்துபோய், என்ன வேண்டும் என்று கேட்கிறான். ஏழு நாழிகை நேரம் மந்திரி பதவி வேண்டும் என்று எழுதி வாங்கிக் கொள்கிறாள். ஏழு நாழிகை என்றால் மூன்று மணிக்கும் குறைவான நேரம். அந்த ஓலையை அவள் உடனே உபயோகிக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்து, பிள்ளை பட்டத்துக்கு வந்த பிறகு காட்டி, பதவியில் உட்கார்ந்தாள். ஏழு நாழிகை கழிந்தும் எழுந்திருக்கவில்லை! பெண் ஒருத்தி அந்த நாளில் மந்திரியாக இருந்து ராஜ்யத்தை நடத்தினாள் என்பதற்காகவே இன்று அவளைக் கொண்டாடுகிறவர்கள் ஆந்திர தேசத்தில் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கதை சொன்னவர்கள் எல்லோரும் பிரம்மநாயுடுவின் கட்சிக்காரர்கள். நாகம்மாவின் கட்சியை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

இல்லை என்றா சொன்னேன்? தவறு. கண்ணாம்பா இருக்கிறார். படத்தில் அவர்தான் நாகம்மா. தமிழ் ரஸிகர்களுக்கு ஸ்ரீமதி கண்ணாம்பாவை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1941-ல் 'அசோக்குமார்' படத்தில் சொந்தப் பிள்ளை போன்றவனின் கண்ணைப் பறிக்கும் திஷ்யரக்ஷிதையாகவும், அடுத்த வருஷமே 'கண்ணகி'யாகவும் வந்தவர் அல்லவா? ஒரே தொண்டையிலிருந்து பாவமும் பத்தினித்தனமும் அப்படிப் புறப்பட்டதை வேறு எந்த நடிகையிடமும் நான் கண்டதில்லை. தாய்மொழி தெலுங்கானாலும் தமிழ் வசனத்தை அவர் உச்சரித்த கம்பீரம் நம்மவர்களில் பலருக்கு வரவில்லை. நாகம்மா வேஷத்திலும் அவரைப் பொல்லாதவள் என்று ஒரேயடியாக வெறுத்துவிட முடியவில்லை. 'இந்தச் சபையில் நான் ஏன் உட்காரக் கூடாது?' என்று கண்களாலேயே கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பிரம்மநாயுடுவிடம்கூடச் சரியான பதில் இல்லை.

படத்தை ஆரம்பித்தவர் கூடவல்லி ராமபிரம்மம். சாதாரணமான டைரக்டர் அல்லர். 1938-ல் 'மாலபில்லா' எடுத்து, ஆலயப் பிரவேசத்தையும் தீண்டாமை ஒழிப்பையும் துணிந்து திரையில் பேசியவர். மறு வருஷம் 'ரைத்து பித்தா' எடுத்து ஜமீன்தார்களின் கோபத்தையும் தடையுத்தரவையும் சம்பாதித்துக் கொண்டவர். (அந்தப் படத்துக்கு முதல் போட்டவரும் ஒரு ஜமீன்தார்தான் என்பது வேடிக்கை.) இப்படிப்பட்டவர் வாளும் கேடயமும் கொண்ட ராஜா கதைக்கு வந்தது ஏன் என்று தோன்றலாம். காரணம் பிரம்மநாயுடுவிடம் இருக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் 'சாபகூடு' என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாராம். 'சாப' என்றால் பாய்; 'கூடு' என்றால் சோறு. பாயை விரித்துச் சோற்றைக் கொட்டி, ஜாதி வித்தியாசமின்றி வீரர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்பது. மால ஜாதியில் பிறந்த கன்னமதாஸுவை மகனாகப் பாவித்துப் படைத்தலைவனாக்கினார் என்பதும் கதை. 'மாலபில்லா'வில் ஆசாரம் தவறாத சாஸ்திரியாக வந்த கோவிந்தராஜுலு சுப்பாராவே இங்கே பிரம்மநாயுடுவாக வந்து பாய் விரிக்கிறார்!

ராமபிரம்மத்துக்குப் படத்தை முடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1946-ல் பாதியிலேயே காலமானார். மிச்சத்தை எடுத்து முடித்தவர் எல்.வி. பிரசாத். பிற்பாடு 1954-ல் இதே பிரசாத் இதே கண்ணாம்பாவைப் 'மனோகரா'வில் பத்மாவதி ராணியாக்கினார் என்பதைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் உண்டா?

சேவலுக்கு வருகிறேன். மகாபாரதத்தில் பகடைக்காய் செய்ததைப் பல்நாட்டில் சேவல் செய்கிறது. இரண்டு பக்கத்துச் சேவல்களையும் மோத விடுகிறார்கள். தோற்ற பக்கத்தார் ஏழு வருஷம் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது பந்தயம். நாகம்மாவின் சூழ்ச்சியால் பிரம்மநாயுடுவின் சேவல் தோற்கிறது. ஒரு பறவையின் காலில் கட்டிய கத்தியை நம்பி ராஜ்யத்தையே வைத்து ஆடுகிறார்களே, இவர்களுக்குப் புத்தி இல்லையா என்று நான் முணுமுணுத்தேன். தம்பி சிரித்து, "சேவக்கட்டுன்னா எங்க பக்கத்துல இன்னைக்கும் வண்டியையே வெச்சு ஆடுறவங்க இருக்காங்கங்க" என்றார். அண்ணன் அதற்குச் சிரிக்கப் பார்த்து, சட்டென்று வாயை மூடிக் கொண்டார்.

ஏழு வருஷம் முடிகிறது. தம்பி பக்கத்தார் தங்கள் பாதியைத் திருப்பிக் கேட்க அலராஜுவைத் தூது அனுப்புகிறார்கள். அலராஜு வேறு யாருமல்ல. நலகாமராஜுவின் சொந்த மாப்பிள்ளை. அவனுக்கு விஷம் வைக்கப்படுகிறது. அதற்கு மேல் பேச்சுக்கு இடமேது? காரெம்பூடியில், நாகுலேற்றங்கரையில் படைகள் சேருகின்றன.

இந்த இடத்தில் அண்ணன் எழுந்து, "சாயப்பட்டறையிலே லோடு நிக்குது, பார்த்துட்டு வந்துர்றேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அவ்வா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வருவது பாலசந்திரன் கதை. பிரம்மநாயுடுவின் மகன். இந்த வேஷத்தில் நாகேஸ்வரராவ், இருபது சொச்சம் வயதில், பிற்காலத்துப் பெயரும் புகழும் சேராத முகத்தோடு வருகிறார். மகன் யுத்தத்துக்குப் போய்விடக் கூடாது என்று தாய் அவனைப் பொத்திப் பொத்தி வைக்கிறாள். பையன் பம்பரம் விடப் போகிறான். பம்பரம் ஒரு பெண்ணின் காலில் பட்டுக் காயமாகிறது. 'உன் வீரத்தை யுத்த களத்தில் போய்க் காட்டுவதுதானே' என்று அவள் ஏசுகிறாள் என்பது பல்நாட்டுப் பாட்டுக்காரர்கள் பாடி வரும் வரலாறு. அவன் மனைவி மாஞ்சாலாவைத் தேடிப் போகிறான். விடைபெறத்தான். அவள் கண்ணீர் விட்டுத் தடுக்கவில்லை. வாளை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறாள். மாஞ்சாலா எஸ். வரலக்ஷ்மி. அந்தப் பெண் பாடும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. பாலசந்திரன் திரும்பி வரவில்லை. அவனுடன் போன மற்றப் பிள்ளைகளும் வரவில்லை.

முடிவில் நடந்ததாகச் சொல்வது என்ன தெரியுமா? இவ்வளவு பேரும் மாண்ட பிறகு, பிரம்மநாயுடு அதே நலகாமராஜுவைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டு, குத்திகொண்டா குகைக்குள் போய்விடுகிறார். காரெம்பூடியில் இன்றைக்கும் கார்த்திகை மாதத்தில் வீரர்களின் ஆயுதங்களை எடுத்து வந்து பூஜை செய்கிறார்கள். ராஜாக்களுக்கு அங்கே பூஜை நடப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கொங்கு நாட்டாருக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. பங்காளிகளின் பகையில் பிறந்து, பங்காளிகளின் பகையில் வளர்ந்து, இளம் வயதிலேயே மாண்டுபோன அண்ணமார், அதாவது பொன்னர், சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடிக் கேட்ட ஊர்கள்தாம் இவை. பல்நாட்டாருக்குக் கன்னமதாஸு என்றால் அண்ணமாருக்குச் சாம்புவன். 1965-ல் காங்கயத்துக்கு அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி அந்தப் பாட்டை முழுவதும் ஒலிப்பதிவு செய்தார் பிரெண்டா பெக் என்னும் அம்மையார். அவருடைய புத்தகம் 1982-ல் வெளியாயிற்று. பல்நாட்டு வீரர் கதையைப் பற்றி ஜீன் ரோகேர் என்பவர் எழுதிய புத்தகமும் அதே 1982-ல்தான் வந்தது. நம் வீட்டுச் சண்டையை நாம் கேட்பதைக் காட்டிலும் வெளியார் சிரத்தையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

படம் முடிந்தது. அவ்வா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம்பியைப் பார்த்துத் தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் சொல்கிறேன்: "ஏழு வருஷம் கழிச்சு வந்தவனுக்கு அவன் பாதியைக் குடுத்திருந்தா, படத்துல எத்தனை ரீல் மிச்சமாகியிருக்கும்டா?"

தம்பி பதில் சொல்லவில்லை. "பாதின்னு ஒண்ணு இருந்தாத்தானே அம்மா குடுக்க முடியும்?" என்று வெகு நேரம் கழித்துத்தான் சொன்னார். பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வாவுக்கும் தெரிந்திருக்கும்.

ரயிலடிக்கு என்னை அழைத்துப் போனவன் அண்ணனுடைய மகன். கம்பெனியின் மேல்மாடி ஆபீஸில் அவனும் சித்தப்பா மகனும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஆர்டர்களைக் கவனிக்கிறார்கள். பாகப்பிரிவினையைப் பற்றி இவர்கள் இருவரையும் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வழியில் பேசிக்கொண்டு போனபோது தெரிந்தது. நடுவில் கைபேசி அழைத்தது. மறுபக்கத்தில் சித்தப்பா மகன்தான். "பேரு யாருக்கு வேணாலும் போகட்டும் தம்பி, சனிக்கிழமை கன்டெய்னர் போயாகணும். காஜா பட்டன் முடிஞ்சுதா, அதைச் சொல்லு" என்று இவன் கேட்டுக் கொண்டிருக்கும்போதே என் ரயில் வந்துவிட்டது.