சாதாவா, ரோத்தா?

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. சொந்தத்தில் யாருக்குப் பண விஷயத்தில் சந்தேகம் வந்தாலும் ராத்திரி அவனுக்குத்தான் போன் வரும்.

போன வாரம் சித்தி பையன். நியூஜெர்ஸியில் சாஃப்ட்வேர். எனக்கு ராத்திரி பதினோரு மணி; அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அண்ணா, ஆபீஸ்ல ஃபாரம் குடுத்திருக்கான். 401(கே)ல டிரெடிஷனலா, ரோத்தான்னு கேக்கறான். எதுல டிக் பண்ணட்டும்?"

401(கே) என்பது ஏறக்குறைய நம் ஊர் பி.எஃப். மாதிரி. சம்பளத்தில் பிடித்து, கடைசிக் காலத்துக்குச் சேர்ப்பது. 1978-ல் வந்த வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணே பெயராகிவிட்டது. சாதா வகையில், போடும் பணத்துக்கு இப்போது வருமான வரி கிடையாது. எடுக்கும்போது மொத்தத்துக்கும் உண்டு. ரோத்தில், வரி கட்டிவிட்டுப் போட வேண்டும். 59½ வயது தாண்டி, கணக்குத் தொடங்கி ஐந்து வருஷமும் ஆகியிருந்தால், வளர்ந்தது உட்பட எல்லாவற்றையும் வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ரோத் என்பது வில்லியம் ரோத் என்ற செனட்டரின் பெயர். 1997 சட்டத்தில் தனிநபர் கணக்காக வந்து, 2006-ல் ஆபீஸ் திட்டங்களுக்குள்ளும் நுழைந்தது.

"கடைசில வரியே இல்லன்னா ரோத்துதானே பெட்டர்?"

"பேப்பர் எடுடா" என்றேன். சம்பளத்தில் 10,000 டாலர். வரி 22 சதவிகிதம். பணம் நாலு மடங்காகிறது என்று வை. சாதாவில் 10,000 போய் 40,000 ஆகும். 22 சதவிகிதம் வரி போனால் 31,200. ரோத்தில் வரி போக 7,800தான் போடுவாய், நாலு மடங்கு... 31,200.

"என்ன அண்ணா, ஒண்ணுதானே வருது!"

வரும். பெருக்கலை எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்று. ஆறாங்கிளாஸ் கணக்கு. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான். வரி விகிதம் இப்போது அதிகமா, பின்னால் அதிகமா? சின்னச் சம்பளத்தில் ஆரம்பிக்கிறவனுக்கு ரோத். உச்சச் சம்பளத்தில் இருக்கிறவனுக்கு சாதா. எதுவானாலும், கம்பெனி தன் பங்காகப் போடும் பணத்தை முழுசாக வாங்கும் அளவுக்காவது போட்டுவிட வேண்டும். ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள் 2026-ல் இரண்டும் சேர்த்து 24,500 டாலர் வரை போடலாம்.

"சரி, எனக்கு எது?"

"ரிடையர் ஆகும்போது நீ எங்கே இருப்பே?"

அவ்வளவு நேரம் படபடவென்று பேசியவன் கப்சிப்.

வம்புக்குக் கேட்கவில்லை. ரோத்துக்கு வரியில்லை என்பது அமெரிக்க சர்க்கார் கொடுத்த வாக்கு. நம்ம ஊர் வருமான வரித்துறை அதில் கையெழுத்துப் போடவில்லை. இங்கே வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டால், இந்தச் சட்டப்படிதான் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அங்கேயே இருக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சித்தி கும்பகோணத்தில் மாடிப் போர்ஷனை ஏழு வருஷமாக வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறாள். "அவன் வந்தா இருக்க இடம் வேண்டாமா?" என்பாள். அவன் வருவானா என்று வீட்டில் யாரும் நேராகக் கேட்டதில்லை. கடைசியில் ஒரு ஃபாரம் கேட்டுவிட்டது.

"அண்ணா... ரெண்டுலயும் பாதிப் பாதி போடலாமாம்."

"போடலாம்."

"அப்ப அப்படியே போட்டுடறேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் சித்தி. "ராத்திரி உன்கிட்ட ரொம்ப நேரம் பேசினானாமே. என்ன முடிவு பண்ணியிருக்கான்?"

"பாதிப் பாதி, சித்தி."

அவளுக்கு என்ன புரிந்ததோ! கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பாதி வரானா? அப்ப மாடி பூட்டியே இருக்கட்டும்."