மேற்படிப்பின் வாசல்

அரசாங்கப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியக் கலாசாலைகளில் நூற்றுக்கு 7.5 ஸ்தானங்களை ஒதுக்கித் தமிழ்நாட்டுச் சட்டசபை 2020-ல் சட்டம் செய்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். நீதிபதி கலையரசன் கமிட்டி சிபார்சு செய்தது நூற்றுக்குப் பத்து; கிடைத்தது ஏழரை. அந்த ஏழரைக்கும் கவர்னரின் சம்மதம் எளிதில் வந்துவிடவில்லை. பொறுத்திருந்து பார்த்த சர்க்கார், தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டே உத்தரவு பிறப்பித்தது. மறுநாளே சம்மதமும் வந்து சேர்ந்தது! 2022-ல் சென்னை ஹைகோர்ட் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதுகாறும் அரசாங்கப் பள்ளியிலிருந்து வைத்தியப் படிப்புக்குச் சென்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. சட்டம் வந்த பின், கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பிரவேசம் பெற்றனர். தனியார் கலாசாலையில் இடம் கிடைத்தவர்களுக்கும் சம்பளத்தைச் சர்க்காரே கட்டியது. முதலில் சேர்ந்த அந்தக் கோஷ்டியார் ஐந்தரை ஆண்டுப் படிப்பையும் பயிற்சியையும் முடித்து மேற்படிப்பின் வாசலில் நிற்கும் தருணம் இது. அவர்களுக்கு வழிகாட்டிய சட்டமோ முதற் பட்டத்துடன் நின்றுவிடுகிறது.

மேற்படிப்பு என்பது ஏதோ பெயருக்குப் பின்னால் எழுத்துக்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை என்று எவரேனும் நினைப்பாராயின், ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குச் சென்று பார்க்கட்டும். கட்டிடம் இருக்கும், கருவிகள் இருக்கும், மயக்க மருந்து கொடுக்கக் கற்ற டாக்டர் இல்லாவிடில் சத்திர சிகிச்சை அறை பூட்டியே கிடக்கும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை வண்டியில் ஏற்றி ஜில்லாத் தலைநகருக்கு அனுப்புவதைத் தவிர அங்குள்ளோர் வேறென்ன செய்ய முடியும்? ஆகவே நிபுணராகும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பது டாக்டர்களின் சொந்த விவகாரம் அன்று. ஜனங்களின் உயிரைப் பற்றிய விவகாரம்.

தமிழ்நாட்டில் இதற்கு நெடுநாளாக ஒரு நல்ல ஏற்பாடு இருந்துவந்தது. சர்க்கார் சேவையிலுள்ள டாக்டர்களுக்கு, ராஜ்யத்தின் கைவசமுள்ள மேற்படிப்பு ஸ்தானங்களில் பாதி ஒதுக்கப்பட்டது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் உழைத்தால் மேற்படிப்புக்கு வழியுண்டு என்ற நம்பிக்கையே பல இளைஞர்களைக் கிராமத்துக்கு இழுத்தது. ஐக்கிய மாகாணங்கள் என்று முன்னர் வழங்கிய உத்தரப் பிரதேசத்து வழக்கொன்றில் 2016-ல் சுப்ரீம் கோர்ட், வைத்தியக் கவுன்சிலின் விதிகளே முடிவானவை, பட்ட மேற்படிப்பில் இத்தகைய ஒதுக்கீட்டுக்கு இடமில்லை என்றது. 2017-ல் இங்கும் அது அமலாயிற்று. சர்க்கார் டாக்டர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். 2020 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, ராஜ்யங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்புக் கூறிய பின்னரே இழந்தது திரும்பக் கிடைத்தது.

ராஜ்யங்கள் அகில இந்தியத் தொகுப்புக்கு விட்டுக்கொடுக்கும் ஸ்தானங்களின் கதை இதனினும் விசித்திரமானது. 1986 முதல் நடந்துவரும் ஏற்பாடு அது. 2007-ல்தான் அதில் ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் பங்கு கிடைத்தது. ராஜ்யங்கள் கொடுத்த ஸ்தானங்களில் பிற்பட்ட வகுப்பினருக்கு நூற்றுக்கு 27 என்ற பங்கு வருவதற்கு, சென்னை ஹைகோர்ட்டின் 2020-ம் வருஷத் தீர்ப்புக்கும் பின், 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதை ஆட்சேபித்துச் சென்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2022 ஜனவரியில் ஓர் உண்மையை எடுத்துரைத்தது. ஒரு நாள் எழுதும் பரீட்சையின் மார்க்கு மட்டுமே யோக்கியதை ஆகாது என்பதே அது.

இந்த “யோக்கியதை” வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஏழைக்கும் பிற்பட்டவருக்கும் இடம் கொடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம், வைத்தியத்தின் தரம் கெட்டுவிடும், நோயாளிகளின் கதி என்னாவது என்று கூக்குரல் எழுகிறது. ஆனால் 2023-ல் நடந்தது என்ன? மேற்படிப்பு ஸ்தானங்கள் நிரம்பாமல் மிஞ்சியபோது, மத்திய சர்க்கார் ‘நீட்’ பரீட்சையின் தகுதி வரம்பை எல்லா வகுப்பினருக்கும் பூஜ்யமாக்கியது. பரீட்சை எழுதியவர் எவராயினும் தகுதி பெற்றவரே! அவ்வருஷம் தனியார் கலாசாலைகளில் லட்சக்கணக்கில் பணம் கட்ட வல்லவர், பட்டியலின் அடியில் இருந்தாலும் நிபுணராக வழி பிறந்தது. நடுவில் நின்ற ஏழை பணமின்றித் திரும்பும் நிலையும் உண்டாயிற்று. அப்போது தரத்தைக் காக்கும் கூக்குரல் அத்தனை உரக்கக் கேட்கவில்லை. நாம் அறிய விரும்புவது இதுதான்: காவல் காக்கப்பட்டது யோக்கியதையா, பணப்பையா?

2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மற்றொரு தீர்ப்பளித்தது. சண்டீகர் கலாசாலை பற்றிய அவ்வழக்கில், மேற்படிப்பில் இருப்பிடத்தைக் காரணமாக்கி ஸ்தானம் ஒதுக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. ஒரே தேசத்தின் பிரஜைகளை இன்ன ஊரார் என்று பிரிக்கலாகாது என்னும் வாதத்தை நாம் அர்த்தமற்றதென்று தள்ளமாட்டோம். எனினும், தன் வரிப்பணத்தில் கலாசாலைகளைக் கட்டிய ராஜ்யம், தன் ஆஸ்பத்திரிகளுக்கு நிபுணர்களை எங்ஙனம் பெறுவது என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடையில்லை. சேவைக்குரிய ஒதுக்கீடு அதனால் பாதிக்கப்படவில்லை. ஏனெனில் அது பிறந்த ஊரைக் கேட்கவில்லை, செய்த வேலையைக் கேட்கிறது.

அந்தக் காரணத்தினாலேயே நம் சர்க்காரின் பொறுப்பும் கூடுகிறது. பட்டணத்துக்கு அருகில் சௌகரியமான இடத்தில் இருந்தவரையும், கொல்லிமலையிலோ ஜவ்வாது மலையிலோ தனியே இரவும் பகலும் நோயாளிகளைப் பார்த்தவரையும் ஒன்றாகப் பாவித்தால், ஒதுக்கீடு இன்னொரு சலுகையாகக் குறுகிவிடும். 2020-ம் வருஷத் தீர்ப்பிலேயே, இவ்வழியில் பட்டம் பெற்றவர்கள் கிராமங்களிலும் மலைப் பிரதேசங்களிலும் சேவை செய்யவேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. அந்நிபந்தனைப்படி வேலை செய்தோர் எத்தனை பேர், எங்கே செய்கின்றனர் என்ற கணக்கை வருஷந்தோறும் சட்டசபையில் வைக்கவேண்டும். ஏழரைச் சட்டத்தின் பிள்ளைகளுக்கு முதற் பட்டத்தில் கட்டிய சம்பளத்தை, மேற்படிப்பில் இடம் பெறுவோருக்கும் கட்டும் உத்தரவை அடுத்த பிரவேசத்துக்கு முன் பிறப்பிக்கவேண்டும்.