மடல்கள் ஆயிரம், முதுகு ஒன்று

நீதி கேட்டு அரசுகளுக்கு மின்னஞ்சல்களைக் குவிப்பது நற்செயல் என்பர். உண்மையறியாது குவிப்பதும் நற்செயல்தானா?

நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தில், மணவாழ்வுக்குப் புறம்பே குழந்தை பெற்றதற்காக அமினா லாவல் என்னும் பெண்ணைக் கல்லெறிந்து கொல்லுமாறு 2002 மார்ச்சில் ஷரியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றமே அதை உறுதிசெய்துவிட்டது, நாள் நெருங்கிவிட்டது என்று 2003-இல் உலகெங்கும் மின்னஞ்சல்கள் பறந்தன. பொய்! மேல்முறையீடு கட்சினாவிலேயே நிலுவையில் இருந்தது. அவருக்குத் துணைநின்ற பாவோபாப் என்னும் நைஜீரியப் பெண்ணுரிமை அமைப்பு, மடல்களை நிறுத்துமாறு அவ்வாண்டு மே மாதம் உலகை வேண்டிக்கொண்டது. அது வீணே அஞ்சவில்லை. 2001 சனவரியில் சம்ஃபாரா மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட கசையடி, வெளிநாட்டுக் கண்டனங்களை எள்ளும் வகையில் முன்கூட்டியே நிறைவேற்றப்பட்டதை அது நினைவூட்டியது. மடல் விடுத்தோர் தத்தம் இல்லங்களில் நலமாக இருந்தனர். அடி விழுந்தது அப்பெண்ணின் முதுகில்.

"வாளாவிருப்பதைவிட இது மேலன்றோ?" எனக் கேட்கலாம். அன்று! மடலே வேண்டா என்பதல்ல நம் வாதம். களத்தில் நிற்போரைக் கேட்டறிந்து எழுதுக. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துக. நம் மனச்சான்றின் அமைதிக்காக அயலாரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கேது உரிமை?

2003 செப்டம்பர் 25 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அமினாவை விடுவித்தது. வாதாடியோர் நைஜீரிய வழக்கறிஞர்களே. மூவர் அமர வேண்டிய நீதியிருக்கையில் ஒருவரே அமர்ந்து தண்டித்தார் என்பதும் அவர்கள் எடுத்துக்காட்டிய பிழைகளுள் ஒன்று.