மயங்கி விழுவது மைதானத்தின் குற்றமா?

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். நானூறு மீற்றர் ஓட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் வர யாருமில்லை. சில வருடங்களுக்கு முன் நடந்த ஓர் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அவள் மயங்கி விழுந்தாள். ஓடும்போதல்ல, நின்றபோது. அணிநடை முடிந்து மேடைக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தோம். பந்தலுக்குள் இருந்த அதிதிகள் ஒருவர் பின் ஒருவராக உரையாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது உரையின் நடுவில், எனக்கு இரண்டு பேர் தள்ளி நின்றவள் மரம் சாய்வதுபோலச் சாய்ந்தாள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. முப்பது நாற்பது பேர் சுற்றி நின்று காற்றை மறித்தோம். இரண்டு பேர் அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள், தலை தொங்கியது. ஒருவர் சோடாப் போத்தலை வாயில் வைத்து ஊற்றினார். இன்னொருவர் எங்கிருந்தோ ஒரு திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து கையில் திணித்தார். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் பிளாஸ்டரும் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இரும்புத் திறப்பாலும் சோடாவாலும் அல்ல, அல்லாஹ்வின் அருளால் அவள் எழும்பினாள்.

அடுத்த நாள் அவளுடைய வாப்பா சொல்லிவிட்டார்: “இனி மைதானத்துப் பக்கமே போகப்படாது.” அவள் போகவில்லை. இப்போது கணக்கியல் நன்றாகச் செய்கிறாள். ஆனால் மாகாண மட்டத்தில் எங்கள் பெயரைச் சொல்ல இருந்த ஓர் ஓட்டம் அன்றோடு நின்றுவிட்டது. அந்த வாப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகள் சாய்ந்ததைக் கண்ட எந்தத் தகப்பனும் அப்படித்தான் சொல்லியிருப்பார். என் வழக்கு வேறு. அவளை விழுத்தியது விளையாட்டல்ல. ஒரு மணி நேரம் அசையாமல் வெயிலில் நிறுத்தியதும், காலையில் வெறும் வயிற்றோடு வந்ததும், தண்ணீர் குடிக்காததும்தான். மூன்றையும் மாற்றலாம். மாற்றுவதற்குப் பதிலாக நாம் பிள்ளையை வீட்டில் இருத்திவிடுகிறோம்.

அசையாமல் நிற்பவர் ஏன் விழுகிறார் என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. காலுக்கு இறங்கும் இரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசைகளின் அசைவு. ஆடாமல் நின்றால் அந்த உதவி இல்லை. வெயிலில் தோலின் இரத்தக்குழாய்கள் வேறு விரிந்து கிடக்கின்றன. மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, ஆள் விழுகிறார். விழுந்து தரையில் கிடந்ததும் இரத்தம் மூளைக்குத் தானாக வந்துவிடுகிறது. ஆகவே விழுதல் என்பது உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். அதைத் தூக்கிக் கதிரையில் இருத்துவது அந்த வைத்தியத்தைக் கெடுப்பது. நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை ஓர் அடி உயர்த்தி, இறுக்கமானவற்றைத் தளர்த்தினால், அநேகமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் கண் விழிப்பார். நன்றாக நினைவு திரும்பும்வரை வாய்க்குள் எதுவும் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். ஒரு நிமிடம் கடந்தும் விழிக்கவில்லை என்றால் அது வெறும் மயக்கம் என்று இருந்துவிடவும் கூடாது.

மன்னாரைக் காற்றுள்ள ஊர் என்பார்கள். பொய்யல்ல. தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் அதற்காகவே நிற்கின்றன. ஆனால் வாடை ஓய்ந்து சோழகம் எழும்பும்வரை ஓர் இடைக்காலம் இருக்கிறது. மார்ச்சும் ஏப்ரலும். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. சுற்றிவரக் கடல் என்பதால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வழிந்து ஓடினால் உப்பும் நீரும் நட்டமே தவிர வேறு இலாபமில்லை. வெப்பநிலை 32 பாகையும் ஈரப்பதன் 70 வீதமும் என்றால், உடம்பு அதை ஏறக்குறைய 40 பாகையாகவே உணர்கிறது. அதுவும் நிழலில். நேர் வெயிலில் இன்னும் கூடும். வளிமண்டலவியல் திணைக்களம் இந்த நாட்களில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளில் எங்கள் மாவட்டத்தின் பெயரும் வருகிறது. நகரத்துக் கழுதைகளைப் பாருங்கள். பதினொரு மணியானால் மதிலோர நிழலைத் தேடிப் போய் நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் நாங்கள் இறுதிப் போட்டிகளைத் தொடங்குகிறோம்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு இதில் இன்னுமொரு சிக்கல். ரமழான் விடுமுறை இப்போது முதலாம் தவணைக்குள் வந்து விழுகிறது. பெருநாள் முடிந்து பாடசாலை திறந்து, விட்டுப்போன மெய்வல்லுநர் போட்டியை வைக்கப் பார்த்தால் வெயில் உச்சத்துக்கு வந்துவிடும். அல்லது நோன்புக்கு முன் அவசர அவசரமாக நான்கு நாள் பயிற்சியோடு நடத்தி முடிக்க வேண்டும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று தொடக்கம் இரண்டு வாரம் வேண்டும். நான்கு நாள் போதாது.

வெயில் வெறும் களைப்போடு போய்விடும் என்று நினைப்பவர்கள் 2024 மார்ச் 11ஆந் திகதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்காக மரதன் ஓடிய பதினாறு வயது மாணவன் சுகவீனமுற்று உயிரிழந்தான். எங்கள் வயது. கடும் வெயிலில் மாணவரை வெளிவிளையாட்டுகளில் ஈடுபடுத்துவதைத் தவிர்க்கும்படி கல்வி அமைச்சு அறிவுறுத்திய காலம் அது. அதே வருடம் ஒக்டோபர் 6ஆந் திகதி சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய விமானப்படையின் சாகசக் காட்சியைப் பார்க்கப் பல இலட்சம் பேர் கூடினார்கள். நண்பகல் வெயில், நிழலற்ற மணல், கலைந்து போக வழியில்லாத நெரிசல். ஐந்து பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலைக்குப் போனார்கள். இவர்கள் ஓடவுமில்லை, விளையாடவுமில்லை. பார்க்க வந்தவர்கள். பந்தலுக்கு வெளியே குடையோடு நிற்கும் உம்மாமாருக்கும் இது உரிய செய்திதான்.

அவ்வருட ஹஜ்ஜையும் மறக்க முடியாது. மக்காவில் வெப்பம் 51.8 பாகை வரை போனது. இறந்தவர்கள் 1301 பேர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அனுமதிப் பத்திரமின்றிப் போனவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பஸ்ஸும் இல்லாமல் நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். ஒரே வெயில்தான் எல்லோர் தலையிலும் எரிந்தது. யாருக்கு நிழலும் தண்ணீரும் கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம். எங்கள் மைதானத்திலும் பந்தல் யாருக்குப் போடப்படுகிறது என்று ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம்.

இனிச் சொல்லக் கூச்சமான ஒரு விடயம். எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்கே அர்த்தமில்லை. போட்டி நாளில் மாணவிகள் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமலல்ல. குடித்தால் எங்கே போவது? வெளி மைதானங்களில் பெண்பிள்ளைகளுக்கு ஒதுங்க ஒழுங்கான இடம் இருப்பது அரிது. இருந்தாலும் தண்ணீர் வராது, கதவு பூட்டாது. ஆகவே காலை ஆறு மணிக்கே முடிவெடுத்துவிடுகிறோம், ஒரு மிடறுக்கு மேல் குடிப்பதில்லை என்று. மாதவிலக்கு நாட்களில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. இரத்தச்சோகை உள்ள பிள்ளைகளும் எங்களில் குறைவல்ல. அதற்கு மேல் முழுக்கை, பர்தா, அதற்கு மேல் இல்லத்து நிறத் துணி. நீளமாக உடுத்துவது தவறென்று நான் சொல்லவில்லை. பாலைவனத்து மக்களும் நீளமாகத்தான் உடுத்தினார்கள், தளர்வாகவும் பருத்தியிலும். எங்களுக்குக் கிடைப்பது தடித்த நைலோன். விலை மலிவு, காற்றுப் போகாது. போட்டிக்கு முதல்நாள் மேடை அலங்காரத்தைப் பார்க்கப் போகும் குழு முதலில் கழிவறையைப் பார்க்கட்டும். அங்கே தண்ணீர் வந்தால் எங்கள் போத்தல்களும் திறக்கும்.

பெற்றோர் அனுப்பும் இனிப்புப் பானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரே போதும். வியர்த்து ஓடிய பிள்ளைக்கு ஜீவனி உப்புக் கரைசல் அதைவிட நல்லது. பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் மட்டும் கரைக்க வேண்டும். “கொஞ்சம் கெட்டியாக” என்று குறைத்துக் கரைப்பது கேடு. காலையில் இரண்டு இடியப்பமாவது உள்ளே போகாமல் வீட்டுப்படி இறங்க விடாதீர்கள்.

மயக்கத்தையும் வெப்ப அதிர்ச்சியையும் பிரித்தறியத் தெரிவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிள்ளை தாறுமாறாகப் பேசுகிறாள், கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொல்கிறாள், தள்ளாடுகிறாள், வலிப்பு வருகிறது, உடம்பு நெருப்பாகச் சுடுகிறது என்றால் அது சாதாரண மயக்கமல்ல. ஓடியவளுக்கு வியர்த்திருந்தாலும் அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். 1990இற்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்திலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். ஐஸ்பழக்காரர் மைதான வாசலில்தானே நிற்கிறார்! உடம்பைக் குளிரவைப்பதில் பிந்தும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் பழக்கம். குளிரவைப்பது முதலில், ஏற்றுவது பிறகு.

பர்தாவைத் தளர்த்துவதா, யார் தளர்த்துவது, யார் பார்ப்பது என்ற கேள்வி உடனே எழும். நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை உலமாக்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். அந்தக் கேள்வி எழாமலே செய்யவும் வழியுண்டு. 2021 ஜூன் 12ஆந் திகதி கொப்பன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். சக வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்றார்கள், முகத்தை வெளிப்பக்கமும் முதுகை அவர் பக்கமும் வைத்து. உள்ளே வைத்தியர்கள் நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்வு கொடுத்தார்கள். அவர் பிழைத்து மீண்டும் விளையாடினார். நாங்கள் கூட்டம் கூடியபோது எல்லோருடைய முகமும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பி நின்றிருந்தால் அவளுக்குத் திரையும் கிடைத்திருக்கும், காற்றும் வந்திருக்கும். நான்கு பேர் ஆளுக்கொரு மூலையாகத் துப்பட்டாவைப் பிடித்தாலே போதும்.

இந்தக் கூச்சம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கு அருகில் நின்றவர்கள் நெஞ்சை அழுத்தி உதவினார்கள், பெண்களில் 39 பேருக்கே அந்த உதவி கிடைத்தது என்று அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. அங்கேயே அப்படியென்றால் இங்கே எப்படி இருக்கும்? அதனால்தான் பெண்களின் மைதானத்தில் பெண்களே முதலுதவி தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறேன். நபியவர்களின் காலத்தில் மஸ்ஜிதுன் நபவியில் கூடாரம் அடித்துக் காயப்பட்டோருக்கு மருந்திட்ட ருஃபைதா நாயகியைப் பற்றி இஸ்லாம் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்குகிறோம். அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் அவர்களுக்கு அந்தக் கூடாரத்தில்தான் சிகிச்சை நடந்தது. பரீட்சைத் தாளுக்கு வெளியே அந்தப் பெயருக்கு எங்கள் பாடசாலைகளில் என்ன வேலை கொடுத்திருக்கிறோம்?

நான் கேட்பது பெரிய செலவல்ல. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி கொடுக்கின்றன. ஓர் இல்லத்துக்கு நான்கு மாணவிகளைப் பயிற்றினால் போதும். ஓடுபவர்களாக இருக்க வேண்டியதில்லை. பார்வையாளர் வரிசையில் சத்தம் போடுபவர்களில் தேர்ந்தெடுக்கலாம். உரைகளைக் காலை எட்டு மணிக்கு முன் முடிக்கலாம், அல்லது பிள்ளைகளைத் தரையில் இருத்திவிட்டுப் பேசலாம். நீண்ட ஓட்டங்களை ஸுப்ஹு முடிந்த கையோடு வைக்கலாம். “நாங்கள் அந்தக் காலத்தில் வெறுங்காலோடு ஓடினோம், ஒன்றும் ஆகவில்லை” என்று உம்மா சொல்வார். ஒன்றும் ஆகாதவர்கள்தான் அப்படிச் சொல்ல இருக்கிறார்கள் என்று நான் திருப்பிச் சொன்னேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

உயர்தர விடுமுறையில் நான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடியாமல், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தரம் அழுத்த வேண்டும். கூப்பிட்டால் அசைவில்லை, ஒழுங்கான மூச்சில்லை என்றால் உடனே தொடங்க வேண்டும். விட்டுவிட்டுத் திணறும் மூச்சை மூச்சென்று எண்ணி ஏமாறக்கூடாது. வீட்டில் தலையணையை வைத்துப் பழகினேன். உம்மா முதலில் சிரித்தார். மாவு பிசைகிறாயா என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் என் கை ஓய்ந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஆள் மாற வேண்டும், அதற்கு இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். உம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையணைக்கு மற்றப் பக்கத்தில் முழங்காலிட்டார். “எங்க வைக்கணும் கைய?” என்று கேட்டார்.