பிந்தி வந்த குரல்

சென்ற வாரம் உடுவிலில் அயல் வீடொன்றுக்குப் போயிருந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கண்கலங்கி நின்றாள். கடல் கடந்து வாழும் பாட்டனாருக்கு அனுப்பும்பொருட்டு அவள் பாட்டைக் கணினியில் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். நாள்தோறும் பிசகாமல் பாடும் பிள்ளை, ஹெட்போனை மாட்டியதும் தாளம் தவறினாள். "உனக்கு லயமே இல்லையடி" என்று தாயார் கடிந்துகொண்டார்.

விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. குரலுக்கு எதிரொலி சேர்க்கவென்று பழைய கருவியொன்றை வெளியே இணைத்திருந்தனர். குரல் கணினிக்குள் புகுந்து, வெளியேறிக் கருவிக்குச் சென்று, மீண்டும் கணினிக்குள் வந்து, அதன் பின்னரே அவள் செவியை எட்டியது.

கணினி ஒலியைத் துளிதுளியாக எடுத்து, ஒரு கொத்துச் சேர்ந்த பின்பே அப்பால் அனுப்பும். இக்கொத்தைப் 'பஃபர்' என்பர். செக்கனுக்கு 48,000 துளிகள், கொத்துக்கு 512 எனில், ஒரு கொத்து நிரம்ப ஏறக்குறைய 11 மில்லிசெக்கன் ஆகும். இரு முறை புகுந்து இரு முறை வெளியேறினால் 43 மில்லிசெக்கன். அந்நேரத்தில் ஒலி காற்றிலே ஏறக்குறைய 15 மீற்றர் சென்றுவிடும்.

நம் அயலூராகிய இணுவிலின் மேளச்சமாக்களைக் கேட்டவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நாதஸ்வரமும் தவிலும் அருகருகே அமர்ந்தல்லவோ வாசிக்கின்றன! தவிற்காரரை 15 மீற்றருக்கு அப்பால் இருத்தினால் லயம் என்னாகும்? சிறுமிக்கோ தன் குரலே அவ்வளவு தொலைவிலிருந்து வந்தது.

பரிகாரம் எளிது. பாடும்போது, ஒலிவாங்கி இணையும் பெட்டியிலிருந்தே குரலை நேராகக் கேட்கச் செய்யுங்கள். அவ்வசதி பல பெட்டிகளில் உண்டு. இல்லையெனில் கொத்தை 128 ஆகக் குறைக்கலாம். மிகக் குறைத்தால் ஒலி வெடித்து வெடித்துக் கேட்கும். எதிரொலியைப் பதிவு முடிந்தபின் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்போதும் கருவிவழி திரும்பும் ஒலி பிந்தியே வரும். முதலில் ஒரு கைதட்டலை அவ்வழியே அனுப்பிப் பதிவுசெய்யுங்கள். மூலத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து, அவ்வளவுக்குப் பாட்டை முன்னே நகர்த்துங்கள். தாமதத்தை அறவே ஒழித்தல் இயலாது; கணக்கில் வைத்துக்கொள்ளல் இயலும்.

எதிரொலிக் கருவியைக் கழற்றிவிட்டுக் குரலை நேரே கேட்கச் செய்தோம். சிறுமி ஒரே மூச்சில் பாடி முடித்தாள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பெற்றோர்களே, பிள்ளையின் லயத்தைக் குறைகூறுமுன் கருவியின் லயத்தைச் சோதித்துப் பாருங்கள்.